தீவுகளில் கட்டாக்காலி ஆடு, மான், பன்றி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிண்டியிலும் முதுமலைச் சாலையோரத்திலும் புள்ளிமானைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். அதே மானை விரட்டிப் பிடிக்க ஹவாயில் வேலியும் துப்பாக்கியும் ஹெலிகாப்டருமாக அலைகிறார்கள் என்று கேட்டால் மனசு ஒப்பாது. எனக்கும் முதலில் ஒப்பவில்லை. விவரங்களைப் படிக்கப் படிக்கத்தான், அந்த அழகான விலங்கால் ஒரு தீவு எதையெல்லாம் இழக்கிறது என்பது புரிந்தது. நண்பர்களிடம் இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பசிபிக் கடல் நடுவே அமெரிக்காவின் மாநிலமாக இருக்கும் ஹவாய்த் தீவுகள்தான் மையம். அட்லாண்டிக் கடலின் செயின்ட் ஹெலினா, ஈக்வடார் நாட்டின் கலாபகோஸ், நம் அந்தமான் ஆகியவை இடையிடையே வரும்.

கட்டாக்காலி என்றால் என்ன? இந்தச் சொல்லை ஏன் எடுத்தீர்கள்?

இலங்கைத் தமிழில் இன்றும் புழங்கும் சொல் அது. கட்டிப்போட ஆளில்லாமல், ஊர்ப்பயிரை மேய்ந்துகொண்டு திரியும் மாட்டைக் கட்டாக்காலி மாடு என்பார்கள். இந்தப் பக்கத்தில் அதைக் கொஞ்சம் விரித்துப் பயன்படுத்துகிறேன். மனிதன் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பிறகு மேய்ப்பன் இல்லாமல் காட்டில் தானாகப் பெருகிய குளம்புள்ள விலங்குகள் எல்லாமே இதில் அடங்கும்: வெள்ளாடு, செம்மறி, மாடு, பன்றி, குதிரை. மான் வீட்டு விலங்கு இல்லைதான். ஆனாலும் தீவுக்குத் தானாக வராமல் ஆள் கொண்டுவந்து விட்டதால், அதுவும் இதே கணக்கில்தான் சேரும்.

ஆடு மாடு எல்லா ஊரிலும்தான் மேய்கிறது. தீவில் மட்டும் அப்படி என்ன கெடுதல்?

நம் ஊர்ச் செடிகளின் பெயர்களிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. ஆடாதோடை என்ற பெயர் ஆடு தொடாதது என்பதிலிருந்து வந்தது என்பார்கள். ஆடுதின்னாப்பாளை என்றே ஒரு கொடி இருக்கிறது. ஆடு எதைத் தொடாது என்பதைக் கவனித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் நிலத்துச் செடிகள் லட்சக்கணக்கான ஆண்டுகளாக மான், ஆடு, மாட்டினங்களோடு மல்லுக்கட்டி வளர்ந்தவை. அதனால்தான் காரைக்கும் இலந்தைக்கும் முள், வேம்புக்குக் கசப்பு, எருக்குக்கு நச்சுப்பால். கடித்துவிட்டுப் போனாலும் மறுபடி துளிர்க்கும் திறமையும் அவற்றுக்கு உண்டு.

ஹவாயில் மனிதர் காலடி வைக்கும் முன் குளம்புள்ள விலங்கு ஒன்றுகூட இல்லை. கரைக்கு வந்து படுக்கும் கடல்நாயை விட்டுவிட்டால், அங்கே இயற்கையாக இருந்த பாலூட்டி ஒரு வௌவால் மட்டும்தான். அதனால் அங்குள்ள செடிகள் காவலைக் கைவிட்டுவிட்டன. ஹவாய் ராஸ்பெர்ரிக்கு முள் பெயரளவுக்குத்தான். புதினாக் குடும்பத்துச் செடிகள் பலவற்றுக்கு அந்தக் காரமான வாசனையே போய்விட்டது. அப்படிப்பட்ட காட்டுக்குள் வெள்ளாட்டை விட்டால், பந்தி விரித்துக் கூப்பிட்டது மாதிரிதான். புலியும் செந்நாயும் இல்லை, சிறுத்தையும் இல்லை. குட்டி போட்டால் போட்டதுதான்.

உலக நிலப்பரப்பில் தீவுகளின் பங்கு சுமார் 5 சதவீதம். ஆனால் அழிந்துபோனதாகப் பதிவான உயிரினங்களில் சுமார் 60 சதவீதம் தீவுகளைச் சேர்ந்தவை. எலியும் பூனையும் இதில் பெரிய குற்றவாளிகள். ஆனால் இருக்கும் காட்டையே இல்லாமல் செய்வது குளம்புள்ளவைதான்.

புள்ளிமான் அங்கே எப்படிப் போனது?

பரிசாகப் போனது. 1867 இறுதியில் ஹாங்காங்கிலிருந்து சில புள்ளிமான்கள் ஹவாய் மன்னர் ஐந்தாம் கமேஹமேஹாவுக்கு அன்பளிப்பாக வந்தன. 1868 தொடக்கத்தில் அவற்றை மொலோக்காய் தீவில் விட்டார்கள். 1920இல் லனாய் தீவுக்கும், 1959இல் வேட்டைக்காக மாவி தீவுக்கும் கொண்டுபோனார்கள்.

மாவியில் முதலில் விட்டவை ஒரு கை விரல்களால் எண்ணக்கூடியவை. இப்போது மாவி, மொலோக்காய், லனாய் மூன்றும் அடங்கிய மாவட்டத்தில் 60,000க்கும் மேல் இருக்கும் என்பது 2020களின் தொடக்கத்து மதிப்பீடு. புள்ளிமானுக்கு இனப்பெருக்கத்துக்கென்று தனிப் பருவம் கிடையாது, வருஷம் முழுக்க ஈனும். அதன் சொந்த நிலத்தில் அந்த வேகம் தேவைப்பட்டது. பாதிக் குட்டிகளைப் புலியும் செந்நாயும் கொண்டுபோகும் இடத்தில் அப்படி ஈன்றால்தான் இனம் நிற்கும். தின்ன ஆளில்லாத தீவிலும் அதே வேகம் தொடர்கிறது.

அப்புறம் 2009இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஹவாய் என்ற பெரிய தீவில் அதுவரை புள்ளிமான் இல்லை. மாவியிலிருந்து நான்கு மான்களை ஹெலிகாப்டரில் ரகசியமாக அங்கே கொண்டுபோனார்கள். பதிலுக்கு அங்கிருந்து 15 மூஃப்லான் காட்டுச் செம்மறிகள் மாவிக்கு வந்தன. இரண்டு தீவிலும் வேட்டைக்குப் புதுசாக ஒன்று வேண்டும் என்பதுதான் காரணம். 2011இல் குட்டு வெளிப்பட்டது. தீவுக்குத் தீவு மான் கடத்துவதைத் தடுக்க அன்றைக்கு மாநிலச் சட்டமே இல்லை. 2012இல்தான் அதற்கென்று சட்டம் வந்தது. அந்த நான்கு மான்களின் வாரிசுகள் பெருகும் முன் பிடிக்க, கேமராவும் தடம் பார்ப்பவர்களுமாகக் காடு காடாகத் தேட வேண்டியிருந்தது. எரிமலைப் பாறைவெளியில் ஒரு மானைத் தேடுவது எவ்வளவு பாடு என்று நினைத்துப் பாருங்கள்.

மற்ற விலங்குகளை யார் கொண்டுவந்தது?

பன்றி பாலினீசிய மக்களோடு ஓடத்தில் வந்தது. அது சின்னப் பன்றி, வீட்டைச் சுற்றியே வளர்ந்தது. 1778இல் கேப்டன் குக் வெள்ளாடுகளையும் ஐரோப்பியப் பன்றிகளையும் இறக்கினார். இரண்டு பன்றிகளும் கலந்து பெரிய உடம்போடு காடேறின. 1793இல் ஆங்கிலக் கடலோடி வான்கூவர் மாடுகளையும் செம்மறிகளையும் கொண்டுவந்தார். முதலாம் கமேஹமேஹா மாடு பெருகட்டும் என்று சொல்லி, பத்தாண்டு யாரும் கொல்லக்கூடாது என்று 'கபு' போட்டார். கபு என்றால் மீறக்கூடாத தடை. மாடு பெருகியது, தோட்டங்களை மிதித்தது, ஆளையும் முட்டியது. பிறகு அவற்றை அடக்க மெக்சிகோ வழிவந்த குதிரை வீரர்களை வரவழைத்தார்கள். ஸ்பானியர் என்று பொருள்படும் 'எஸ்பான்யோல்' உள்ளூர் வாயில் 'பனியோலோ' ஆகி, இன்றும் ஹவாய் மாட்டுக்காரர்களுக்கு அதுதான் பெயர்.

பன்றி மண்ணைக் கிளறினால் பறவை சாகும் என்கிறார்களே, அது எப்படி?

எனக்குத் தெரிந்தவரை இந்த விஷயத்தில் மிகவும் வேதனையான சங்கிலி இதுதான். ஹவாய் மழைக்காட்டில் 'ஹாப்பூ' என்றொரு மரப்பெரணி இருக்கிறது. ஆள் உயரத்துக்கு மேல் வளரும், தண்டின் நடுவே மாவுச்சத்து. பன்றி அதைத் தள்ளிச் சாய்த்து, பக்கவாட்டில் கடித்துக் கிழித்து, உள்ளே இருக்கும் மாவை நக்கித் தின்னும். தின்றுவிட்டுப் போன பிறகு அந்தத் தண்டு ஒரு தொட்டி மாதிரிக் கிடக்கும். மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். சில நாளில் எட்டிப் பார்த்தால் தண்ணீரில் புழு நெளியும். கொசுப்புழு.

ஹவாயில் ஆதியில் கொசுவே கிடையாது. 1826இல் ஒரு கப்பலின் தண்ணீர்ப் பீப்பாயோடு மாவி தீவில் வந்து இறங்கியதாகச் சொல்கிறார்கள். நம் ஊரில் யானைக்கால் நோயைப் பரப்பும் அதே கியூலெக்ஸ் கொசுதான். அங்கே அது பறவைகளுக்கு மலேரியாவைப் பரப்புகிறது. தேன்குடிக்கும் ஹவாய்ப் பறவைகளுக்கு அந்த நோயைத் தாங்கும் சக்தி இல்லை. இஈவி என்றொரு பறவை, ரத்தச் சிவப்பு உடம்பும் அரிவாள் மாதிரி வளைந்த அலகும் கொண்டது. நோய் சுமந்த ஒரே ஒரு கொசு கடித்தால்கூட அவற்றில் பெரும்பாலானவை செத்துவிடும் என்று பரிசோதனையில் கண்டார்கள். கொசு அதிகம் ஏறாத குளிர்ந்த உயரங்களில்தான் மிச்சம் இருக்கிறது. வெப்பம் கூடக் கூடக் கொசுவும் மேலேறுகிறது. பன்றி அதற்கு முன்பே போய் அங்கே தொட்டி கட்டி வைத்துவிடுகிறது.

ஆடும் செம்மறியும் செய்வது வேறு வகை. மௌனா கியா மலையில் பலிலா என்ற மஞ்சள் தலைக் குருவி இருக்கிறது. உலகில் வேறு எங்கும் இல்லை. மாமனே மரத்தின் பச்சைக் காயில் இருக்கும் விதைதான் அதன் முக்கிய உணவு. செம்மறி மாமனே கன்றுகளை முளைத்தவுடனே மேய்ந்துவிடும், மரப்பட்டையையும் உரிக்கும். பழைய மரம் சாகச் சாக இடத்துக்கு வரக் கன்று இல்லை. அந்தக் குருவியின் பெயரிலேயே வழக்குப் போட்டார்கள். 'பலிலா எதிர் ஹவாய் மாநில நிலவளத்துறை' என்ற அந்த வழக்கில், ஆடுகளையும் செம்மறிகளையும் அகற்ற வேண்டும் என்று 1979இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்து நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் வேலை முடியவில்லை. 2003இல் ஆறாயிரத்துக்கு மேல் இருந்த குருவி இப்போது ஆயிரத்துக்கும் கீழே.

விலங்கை வெளியேற்றி வேலி போட்டால் காடு திரும்பி வருமா?

சில இடங்களில் நாம் நினைத்துப் பார்க்காத அளவுக்கு வரும். ஹவாய் எரிமலைகள் தேசியப் பூங்காவின் வறண்ட கடற்கரைச் சரிவில் 1968இல் ஒரு சின்ன இடத்தைச் சுற்றி ஆடு நுழையாமல் கம்பிவேலி போட்டுப் பார்த்தார்கள். வெளியே ஆடு மொட்டையாக மேய்ந்த புல். உள்ளே கொஞ்ச நாளில் ஒரு கொடி முளைத்துப் படர ஆரம்பித்தது. தாவரவியலாளர்கள் வந்து பார்த்தால், அது அதுவரை அறிவியலில் பதிவே ஆகாத அவரைக் கொடி! நம் வீட்டுக் கொல்லையில் படரும் வாளவரையின் சொந்தக்காரச் செடி. அத்தனை காலமும் மண்ணுக்குள் விதையாகக் கிடந்து, ஆடு போனதும் எழுந்து வந்திருக்கிறது. அந்த வேலியின் இரண்டு பக்கத்தையும் காட்டும் படத்தை முதன்முதலில் பார்த்தபோது என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படி நடக்காது. மேய்ச்சலுக்கென்று கொண்டுவந்த அயல்நாட்டுப் புற்கள் பல இடங்களில் ஏற்கெனவே காலூன்றிவிட்டன. ஆடு போனதும் முதலில் அந்தப் புல்தான் இடுப்பளவு வளரும், காய்ந்ததும் தீப்பிடிக்கும். எரிந்த இடத்தில் மறுபடி அதே புல்தான் முந்திக்கொள்ளும். அதனால் விலங்கை எடுப்பது முதல் வேலை மட்டும்தான். அதற்கப்புறம் களையெடுத்து, கன்று நட்டு, தீத்தடுப்புப் பாதை வெட்ட வேண்டும்.

காட்டில் ஆடு மேய்ந்தால் கடலுக்கு என்ன?

மொலோக்காய் தீவின் தெற்குக் கரையை ஒட்டி 40 கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள பவளப்பாறை இருக்கிறது. அதற்கு மேலே மலைச்சரிவு. அங்கே ஆடும் மானும் மேய்ந்து தரை மொட்டையான இடங்களில் ஒரு கனமழை பெய்தால் போதும், செம்மண் கரைந்து ஓடையில் இறங்கிக் கடலில் பரவும். கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் பால் ஊற்றின டீ நிறத்தில் இருக்கும். பவளத்துக்கு வெளிச்சம் வேண்டும். வண்டல் படிந்தால் மூச்சு முட்டிச் சாகும். அலை அடிக்கிற ஒவ்வொரு நாளும் அந்த வண்டல் கிளறப்பட்டு மறுபடி படியும். அதனால் இன்று இறங்கிய மண்ணின் பாதிப்பு இந்த ஆண்டோடு முடியாது. அந்தப் பாறையை நம்பித்தான் அங்கே மீன்.

காஹோலாவே தீவில் நடந்தது இன்னும் மோசம். சுமார் 116 சதுர கிலோமீட்டர் தீவு. 1793லிருந்து ஆடு, அப்புறம் மாடும் செம்மறியும் மேய்ந்தன. 1941லிருந்து 1990 வரை அமெரிக்கக் கடற்படை குண்டுபோட்டுப் பழகும் இடமாகவும் அது இருந்தது. கடைசி ஆடுகளை 1990களின் தொடக்கத்தில்தான் அகற்றினார்கள். அதற்குள் தீவின் மேட்டுப்பகுதியில் மேல்மண் போயே போய்விட்டது. கடப்பாறை இறங்காத செங்கட்டித் தரை மட்டும் மிச்சம். இன்றைக்கு அங்கே கன்று நட வேண்டுமென்றால் வைக்கோல் கட்டுகளை வரிசையாக அடுக்கி, காற்று கொண்டுவரும் மண்ணை அதில் தேக்கி, அதில்தான் நடுகிறார்கள்.

எல்லாம் சரி, பணக் கணக்கில் என்ன நஷ்டம்?

முதல் நஷ்டம் தண்ணீர். ஹவாயில் இதை முதலில் பணக்கணக்காகப் பார்த்தவர்கள் கரும்பு முதலாளிகள். கரும்புக்குத் தண்ணீர் மலையிலிருந்து வர வேண்டும். மலைக்காட்டைக் காட்டு மாடுகள் மிதித்துத் திறந்துவிட்டதும் ஓடைகள் மழைக்குப் பொங்கி வெயிலுக்கு வற்ற ஆரம்பித்தன. அவர்களின் நெருக்குதலில்தான் 1903இல் அங்கே காப்புக்காடுகள் ஏற்பட்டன, வேலி போட்டு மாடுகளை வெளியேற்றினார்கள். 'காட்டைப் பின்தொடரும் மழை' என்பது ஹவாய்ப் பழமொழி. பாசி, பெரணி, குத்துச்செடி, மரம் என்று அடுக்கடுக்காக இருக்கும் காடு மேகத்தையே வழித்து நீராக்கும். பன்றி கிளறிய சேற்றுத் தரையால் அது முடியாது. ஹொனொலுலு நகருக்குத் தண்ணீர் தரும் கோஒலாவ் மலைக்காட்டின் மதிப்பை 1999இல் ஹவாய்ப் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர்கள் கணக்கிட்டார்கள். 740 கோடி முதல் 1,400 கோடி டாலர் வரை வந்தது.

அடுத்தது வேலிச் செலவு. பன்றிக்கு நாலடி வேலி போதும். மானுக்கு எட்டடி வேண்டும். செங்குத்தான சரிவுக்குக் கம்பியையும் தூணையும் ஆட்களையும் ஹெலிகாப்டரில்தான் தூக்கிக்கொண்டு போகணும். ஒரு மைல் வேலிக்கு லட்சம் டாலரைத் தாண்டிவிடும். போட்டதோடு முடிவதும் இல்லை. மரம் விழும், உப்புக்காற்றில் துருப்பிடிக்கும், ஆண்டு முழுக்க ஆள் நடந்து பார்க்க வேண்டும்.

விவசாயிகள் பாடு தனி. மாவியில் காய்கறி, திராட்சை, கரும்பு எதையும் மான் விடவில்லை. வறட்சிக் காலத்தில் பண்ணை மாட்டுக்கு வைத்த புல்லையும் அதுவே தின்கிறது. மாட்டுக்காரர் மந்தையைக் குறைத்து விற்கிறார். மொலோக்காயில் இன்னொரு கதை: 1980களின் நடுவில் மாட்டுக் காசநோய் வந்து தீவின் மாடுகளை அடியோடு கழிக்க வேண்டியிருந்தது. சில ஆண்டு பொறுத்துப் புதிய மந்தை கொண்டுவந்தார்கள். ஆனால் நோய் காட்டுப்பன்றிகளிடம் இருந்துகொண்டே இருந்தது. மறுபடியும் மாட்டில் தலைகாட்டியது. பன்றி புரளும் ஓடைத் தண்ணீரால் மனிதருக்கு எலிக்காய்ச்சல் வரும் ஆபத்தும் உண்டு.

பழைய கணக்கு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சென்னையை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனி செயின்ட் ஹெலினா தீவையும் ஆண்டது. 1513லேயே போர்த்துகீசியர் அங்கே ஆடு விட்டிருந்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் காடு அழிவதைக் கண்ட தீவின் ஆளுநர், கருங்காலி மரத்தைக் காப்பாற்ற ஆடுகளை ஒழிக்கலாமா என்று லண்டனுக்கு எழுதிக் கேட்டார். கருங்காலியைவிட ஆடுதான் பயன் என்று பதில் வந்தது. ஆட்டுக்கறிக்கு அன்றைக்கே விலை உண்டு, மரத்துக்கு இல்லை. அவ்வளவுதான் கணக்கு. தீவின் பெருங்காடு போயிற்று. அந்தக் கருங்காலியும் அழிந்துவிட்டது என்றே நூறாண்டுக்கு மேல் நம்பினார்கள். 1980இல் ஆடு எட்ட முடியாத ஒரு கடற்பாறை முகட்டில் இரண்டே இரண்டு செடி தொற்றிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். இன்று தோட்டங்களில் இருக்கும் அந்த இனத்துக் கருங்காலி அத்தனையும் அந்த இரண்டின் பிள்ளைகள்.

வேட்டைக்காரர்களை விட்டால் அவர்களே சுட்டுத் தீர்த்துவிட மாட்டார்களா?

கூட்டல் பெருக்கல் போட்டுப் பாருங்கள். புள்ளிமான் ஆண்டுக்கு 20 முதல் 30 சதவீதம் பெருகும். 60,000 மான் இருக்கும் இடத்தில் ஆண்டுக்கு 12,000 சுட்டால்கூட எண்ணிக்கை குறையாது, அப்படியே நிற்கும். ஓய்வுநாளில் துப்பாக்கி எடுத்துப் போகிறவர்கள் சாலைக்குப் பக்கத்தில் கிடைப்பதைத்தான் சுடுவார்கள். அதுவும் கொம்புள்ள கடாவாகப் பார்த்துச் சுடுவார்கள். பெட்டை மிஞ்சினால் கணக்கு மாறாது.

ஹவாய் எரிமலைகள் பூங்காவே சாட்சி. 1920களிலிருந்து 1970 வரை 70,000க்கும் மேல் ஆடுகளைப் பிடித்தும் சுட்டும் வெளியேற்றினார்கள். அத்தனைக்கும் பிறகு 1970இல் சுமார் 15,000 ஆடு பாக்கி. வேலி போட்டுப் பகுதி பகுதியாக அடைத்து, ஒவ்வொன்றிலும் கடைசி ஆடு வரை முடித்த பிறகுதான் விடிவு வந்தது.

இன்னொன்றும் உண்டு. வேட்டை அங்கே வெறும் பொழுதுபோக்கு அல்ல. மொலோக்காயில் மான்கறி பல வீட்டின் அன்றாடச் சாப்பாடு. கடையில் எல்லாமே கப்பலில் வரும் விலைக்கு விற்கும் தீவில், ஒரு மான் என்றால் ஒரு குடும்பத்துக்குப் பல வாரக் கறி. அவர்களிடம் போய் ஒரு மான்கூட இருக்கக்கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வராது. மழைக்காடும் ஓடைத்தலையும் இருக்கும் உயரங்களை முழுக்க அடைத்துவிட்டு, கீழே வேட்டைக்கு இடம் விடுவதுதான் இரண்டு பேருக்கும் நியாயம் என்று நினைக்கிறேன். மாவியில் ஒரு நிறுவனம் இரவில் வெப்பத்தைக் காட்டும் கேமராவை வைத்து மானைச் சுட்டு, அரசு இறைச்சி ஆய்வாளரைக் கூடவே வைத்துக்கொண்டு, கறியை விற்கிறது. நல்ல முயற்சிதான். ஆனால் கறிக்குச் சந்தை வந்துவிட்டால், மான் முழுக்கத் தீர்ந்துபோவதில் யாருக்கும் அக்கறை இருக்காது. அந்த ஆபத்தையும் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

முழுக்க அகற்றிக் காட்டிய இடம் எங்காவது உண்டா?

கலாபகோஸ். அங்கே பின்டா தீவில் 1959இல் மீனவர்கள் மூன்றே மூன்று ஆடுகளை விட்டார்கள். பதினைந்து ஆண்டுக்குள் பல்லாயிரம். அந்தத் தீவின் ஆமையினத்தில் மிஞ்சிய ஒரே ஆமை 'தனிமை ஜார்ஜ்', 2012இல் இறந்தது. இசபெலா தீவின் அல்செடோ எரிமலையில் மழையில்லாத மாதங்களின் பனிமூட்டம் மரங்களில் படிந்து சொட்டும், அடியில் சின்னக் குட்டைகள் தேங்கும், பேராமைகள் அதில்தான் தண்ணீர் குடித்துக் கிடக்கும். ஆடுகள் மரத்தைத் தின்றன. சொட்டுவதற்கு இலை இல்லை, குட்டை இல்லை, ஆமை வெயிலில் கிடந்தது.

1997இல் தொடங்கி 2006 வரை நடந்த 'இசபெலா திட்டம்' ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகளை அகற்றியது. சாந்தியாகோ தீவில் மட்டும் சுமார் 79,000 ஆடு. அந்தத் தீவின் செலவு சுமார் 61 லட்சம் டாலர். அதில் கடைசி ஆயிரம் ஆட்டுக்கு மட்டும் சுமார் 20 லட்சம்! முதலில் ஹெலிகாப்டரில் பறந்தாலே மந்தை மந்தையாகக் கிடைக்கும். கடைசியில் தப்பியவை ஆளைக் கண்டால் பாறை இடுக்கில் பதுங்கும். அவற்றைக் கண்டுபிடிக்க 'யூதாஸ் ஆடு' என்று ஒரு வழி வைத்திருந்தார்கள். கழுத்தில் ரேடியோ கட்டிய ஆட்டை விட்டால் அது தனியாக இருக்காது, தன் இனத்தைத் தேடிப் போய்ச் சேரும். பின்னாலேயே போனால் பதுங்கியவை அகப்படும். ரேடியோ கட்டியதை மட்டும் விட்டுவிடுவார்கள், அது அடுத்த கூட்டத்தைத் தேடிப் போகும். படிக்கவே நெஞ்சு கனக்கிற வேலை. ஆனால் இன்று அல்செடோவில் மரங்கள் திரும்பியிருக்கின்றன.

உயிரைக் கொல்லாமல் கருத்தடை, வேறு இடத்துக்கு மாற்றுவது என்று வழி இல்லையா?

இந்தக் கேள்வியை நான் லேசாகத் தள்ள மாட்டேன். சின்ன இடத்தில், எண்ணிச் சொல்லக்கூடிய சில டஜன் விலங்குகள் என்றால் பிடித்து மாற்றலாம். ஆயிரக்கணக்கில், மலையும் பள்ளமுமாக இருக்கும் காட்டில், ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்துக் கருத்தடை மருந்து போடுவது நடக்கிற காரியம் இல்லை. மயக்கி ஏற்றிக்கொண்டு போவதிலேயே மான் பல அதிர்ச்சியில் சாகும்.

எதுவும் செய்யாமல் விட்டால் யாரும் சாகமாட்டார்கள் என்பதும் உண்மை அல்ல. 2020, 2021 வறட்சியில் மொலோக்காயில் புல் தீர்ந்து நூற்றுக்கணக்கான மான்கள் பட்டினியில் செத்தன. எலும்பும் தோலுமாகச் சாலையோரம் வந்து விழுந்தன. ஊர்க்காரர்கள்தான் அள்ளிப் புதைத்தார்கள். மாவி மாவட்டத்துக்கு ஆளுநர் அவசரநிலை அறிவித்தார். அப்படிச் சாவதைவிட ஒரே குண்டில் முடிவது இரக்கம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கண்ணி வைத்துப் பிடிப்பதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. மாட்டிய பன்றி மணிக்கணக்கில் துடிக்கும்.

நம் அந்தமானிலும் இந்தப் பிரச்சினை உண்டா?

உண்டு, அதே புள்ளிமான்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் வேட்டைக்காகக் கொண்டுபோய் விட்டது. அந்தமானில் புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. கடலில் நீந்தியே தீவுக்குத் தீவு பரவியது. மான் அதிகமுள்ள காடுகளில் தரையோரச் செடிகள் குறைந்து, அவற்றை நம்பியிருக்கும் பல்லி, ஓணான் வகைகளும் குறைந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மூத்த மரம் நிற்கும், கன்று இருக்காது. போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜய புரம்) எதிரே உள்ள ராஸ் தீவுக்கு (இப்போது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு) சுற்றுலா போகிறவர்கள் மானுக்கு பிஸ்கட் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த மானுக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் சொல்வதில்லை. இந்தியப் பெருநிலத்தில் புள்ளிமானைக் காக்கும் 1972 வனவிலங்குச் சட்டம் அதை அங்கேயும் காக்கிறது. காக்க வேண்டிய அந்தமான் காட்டுக்கு அது எதிராக நிற்கிறது.

நார்கொண்டம் தீவு நல்ல உதாரணம். 7 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் இருவாச்சிப் பறவை அங்கே வாழ்கிறது. அங்குள்ள காவல் நிலையத்துக்குக் கறிக்காகக் கொண்டுபோன வெள்ளாடுகள் காடேறிக் கன்றுகளைத் தின்றன. இருவாச்சிக்குப் பொந்தும் பழமும் தரும் மரங்களுக்கு வாரிசு இல்லாமல் போகும் நிலை வந்தது. பிறகு ஆடுகளை அகற்றினார்கள். தீவு சின்னது, நேரத்தோடு செய்தார்கள், முடிந்தது.

இலங்கையின் நெடுந்தீவுக் குதிரைகளும் இதே கணக்கா?

அப்படியே பொருத்த மாட்டேன். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலக் குதிரைகளின் வழிவந்தவை அவை. நெடுந்தீவு ஆட்கள் காலங்காலமாகக் குடியிருந்து பனையும் மாடும் வைத்துப் பிழைத்த தீவு. ஹவாய் மாதிரிக் குளம்பே அறியாத காடு அல்ல. அங்கே கண்ணில் படும் துயரம் குதிரைகளுடையது: கோடையில் குட்டைகள் வற்றித் தண்ணீரின்றிச் சாகின்றன. 2015இல் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். எத்தனை குதிரைக்கு அந்தப் புல்லும் தண்ணீரும் தாங்கும் என்பதைத் தீவு மக்களோடு உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும்.

ஹவாய்க்குப் போகிறேன். நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

நடைபாதை தொடங்கும் இடத்தில் செருப்பு தேய்க்கும் பிரஷும் மருந்துத் தெளிப்பானும் வைத்திருப்பார்கள். மண்ணை நன்றாகத் தேய்த்துவிட்டு உள்ளே போங்கள், வெளியே வரும்போதும் தேயுங்கள். ஓஹியா என்ற உள்ளூர் மரங்களைக் கொல்லும், 2014இல் அடையாளம் கண்ட ஒரு பூஞ்சை அங்கே பரவுகிறது. பன்றியும் மாடும் பட்டையில் போடும் காயம் வழியாக அது மரத்துக்குள் நுழைகிறது. உங்கள் செருப்பு மண்ணிலும் அது வரலாம்.

மலையேறும் வழியில் கம்பிவேலிக்கு நடுவே கதவு இருக்கும். திறந்தால் மூடுங்கள், கொக்கியை மாட்டிவிட்டுக் கையால் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். பின்னால் ஆள் வருகிறார்கள் என்று திறந்தே விட்டுவிட்டுப் போகாதீர்கள். சினைப்பன்றி ஒன்று உள்ளே போனால், பல ஆண்டு பாடுபட்டுக் காலி செய்த அந்தப் பள்ளத்தாக்கை மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.